எல்லாருக்கும் எழுபத்திரண்டு

என் அக்காவைத் திமிர் பிடித்தவள் என்பவர்கள் என் முன்னால் வந்து சொல்லட்டும். துணிக்கடையில் எட்டு வருஷம் நின்ற காலோடு, முப்பத்தோரு வயதில் நர்சிங் கல்லூரியில் சேர்ந்தவள் அவள். வகுப்பில் மற்றதெல்லாம் பொடிசுகள். அக்கா அக்கா என்று கூப்பிட்டே வேலை வாங்கிவிடுவார்கள்.

அங்கே ஒரு நோட்டு உண்டு. அந்த வாரம் வார்டில் என்ன செய்தேன், எங்கே தவறினேன், என்ன கற்றேன் என்று தன்னைத்தானே கேட்டு எழுத வேண்டும். அதற்கு மதிப்பெண்ணும் உண்டு. பிள்ளைகள் சீனியர் நோட்டைப் பார்த்து அப்படியே இறக்குவார்கள்: 'நோயாளியிடம் பொறுமையாகப் பேசக் கற்றுக்கொண்டேன்.' வாராவாரம் அதே பொறுமை. அத்தனை பொறுமையும் நிஜமாக வந்திருந்தால் வார்டில் நோயாளியை அதட்டும் சத்தமே கேட்டிருக்காது.

அக்காவும் முதலில் அப்படித்தான் எழுதினாள், ஏன் மறைக்க வேண்டும்? ஒரு நாள் காலை பன்னிரண்டு கட்டில், அவள் ஒருத்தி. நாலு பேருக்கு நாடி பார்த்தாள். மீதி எட்டுப் பேருக்கும் சார்ட்டில், நல்ல உடம்புக்காரருக்கு இருக்கும் எழுபத்திரண்டு என்று போட்டுவிட்டுக் கிளம்பினாள். பஸ் நிறுத்தம் வரை வந்தவளுக்கு மனசு கேட்கவில்லை. திரும்பிப் போய் ஒவ்வொரு மணிக்கட்டாகப் பிடித்து, முழு நிமிஷம் எண்ணினாள். ஒன்பதாவது கட்டில் அம்மாவுக்கு நூற்று இருபத்தெட்டு. டாக்டர் ஓடி வந்தார். அந்த அம்மா பிழைத்துக்கொண்டார்.

அந்த வாரம் நோட்டில் 'எண்ணாமல் எழுதினேன்' என்றுதான் முதல் வரி.

நோட்டைத் திருத்தும் மேடம் தனியாகக் கூப்பிட்டார். ஆய்வுக்கு ஆள் வரப்போகிறார்களாம், நோட்டையெல்லாம் புரட்டுவார்களாம். அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டு வேறு எழுதினால் பாஸ். இல்லையென்றால் ஆறு மாதம் திரும்பப் படிக்க வேண்டும்.

"கிழிச்சிட்டு என்ன கத்துக்கிட்டேன்னு எழுதறது மேடம்? பொய் சொல்லவா?"

கேட்டுவிட்டு வந்துவிட்டாள். அவள் வீட்டுக்காரர் தலையில் கை வைத்து உட்கார்ந்தார். ஊரில் இல்லாத யோக்கியமா உனக்கு என்று நானும் திட்டினேன். அதை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது.

ஃபெயில்தான் போட்டார்கள். அதே வார்டு, அதே கட்டில்கள், இன்னும் ஆறு மாதம். புது நோட்டின் முதல் பக்கத்தை அக்கா மேடத்தின் மேஜையில் விரித்து வைத்தாள்: 'போன முறை உண்மையை எழுதி ஃபெயிலானேன். இந்த முறை நாடியை எண்ணித்தான் எழுதுவேன், நோட்டிலும் உண்மையைத்தான் எழுதுவேன்.' மேடம் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

இப்போது அக்காதான் சீனியர். காப்பியடிக்கப் பொடிசுகள் அவள் நோட்டைக் கேட்டு வருகிறார்கள். கொடுக்கமாட்டாள்.

"அது என் தப்பு. உன்னோடதை நீ எழுது."