முனுசாமி அண்ணனின் அபிப்பிராயம்

நேற்றுக் காலை ஓட்டுக் கேட்டு நாலைந்து பேர் வீட்டுக்கு வந்தார்கள். முன்னால் நின்றவர் கைகூப்பி, "பெரியவரே, நாட்டு நெலமயப் பத்தி உங்க அபிப்பிராயம் இன்னா?" என்று கேட்டார். நான் மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, தொண்டையைச் செருமி ஆரம்பிப்பதற்குள் அவர்கள் அடுத்த வீட்டு வாசலுக்குப் போய் அங்கேயும் அதையே கேட்டுக்கொண்டிருந்தார்கள். போகிற அவசரத்தில் நோட்டீஸ் ஒட்டுகிற ஆள் பசை வாளியை என் வாசலில் மறந்துவிட்டார். வெயில் ஏற ஏற மாவுப்பசை புளித்து ஒரு வாசனை வந்தது. மருமகள் மூக்கைப் பொத்திக்கொண்டு வாளியைத் தெருவில் வைக்கச் சொன்னாள். இன்னும் கொஞ்ச நேரம் இருக்கட்டுமே என்றேன். கிழவருக்குப் புத்தி தடுமாறிவிட்டது என்றுதான் நினைத்திருப்பாள். அவளுக்கு எப்படித் தெரியும், அது அச்சு அசலாக எல்லம்மா அக்காவின் கூழ்ப்பானை வாசனை என்று?

அது ஆயிரத்து எண்ணூறுகள் முடிந்து ஆயிரத்துத் தொள்ளாயிரம் பிறந்திருந்த சமயம். சாம்பியன் ரீப்ஸ், நந்திதுர்க் என்ற இரண்டு பெரிய தங்கச் சுரங்கங்களுக்கு நடுவில் ஒரு சின்னக் கம்பெனி தங்கம் தோண்டிக்கொண்டிருந்தது. பிறகு அது மூடிப்போய்விட்டது, பேர்கூட இப்போது யாருக்கும் ஞாபகமில்லை. வேலூர்ப் பக்கத்து மிஷன் பள்ளிக்கூடத்தில் கொஞ்சம் இங்கிலீஷ் படித்த தைரியத்தில் நான் அங்கே மெழுகுவத்தி ஸ்டோரில் ரைட்டராகச் சேர்ந்தேன். ஷாப்டு என்கிற சுரங்கக் குழிக்குள் இறங்குகிற ஒவ்வொருவருக்கும் மெழுகுவத்தி எடுத்துக் கொடுப்பதுதான் உத்தியோகம். பேர்தான் ரைட்டர். கொழுப்பில் செய்த வத்தி என்பதால் என் சட்டை, தலைமுடி, வெற்றிலைப்பெட்டி எல்லாம் அதே நாற்றம். சாயங்காலம் நான் நடந்து போனால் லைனில் உள்ள நாய்கள் எல்லாம் மரியாதையாகப் பின்னால் வரும். வெள்ளைக்கார இன்ஜினியருக்குக்கூட அந்த மரியாதை கிடையாது.

லைன் என்றால் நாங்கள் குடியிருந்த வரிசை. மூங்கில் தட்டியால் சுவர், தட்டிக்கு மேல் கூரை. ஒரு வீட்டில் இருமினால் அடுத்த வீட்டுக் குழந்தை விழிக்கும். புருஷன் பெண்சாதி சண்டை வந்தால் நாலு வீடு தள்ளிப் படுத்திருப்பவர், "அந்தம்மா சொல்றதும் நாயந்தாம்பா" என்று படுத்தபடியே தீர்ப்புச் சொல்லிவிட்டுத் தூங்குவார். அப்படிப்பட்ட இடத்தில் ஒருவன் அபிப்பிராயத்தை மனசுக்குள் வைத்திருப்பது எப்படி முடியும்?

லைனின் கோடியில் எல்லம்மா அக்காவின் கூழ்க்கடை. குடியாத்தம் பக்கத்துக்காரி. நல்ல உயரம், அதைவிட உயரமான குரல். ஞாயிற்றுக்கிழமை தோறும் நான் அங்கே உட்கார்ந்து, சென்னையிலிருந்து ரயிலில் வருகிற வாரப் பத்திரிகையை எல்லோருக்கும் வாசித்துக் காட்டுவேன். கூலி, ஒரு கலயம் கூழும் ஊறுகாயும். நான் ஒரு வரி வாசித்தால் அவர்கள் அரைமணி நேரம் பேசுவார்கள். வாசிக்கிற வேலை சுலபம்தான்.

சீமையில் ராணி செத்துப்போன சேதியை வாசித்த அன்று ஆண்கள் எல்லாம் முண்டாசை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டார்கள். எல்லம்மா அக்கா மட்டும் துடுப்பைப் பானையில் போட்டுக் கிண்டிக்கொண்டே, "பொம்பளயா பொறந்து அம்மாம் காலம் ஆண்டாங்களே, ஒரு நாளாவது அரிசி இன்னா வெலன்னு கேட்டாங்களா?" என்றாள்.

அப்போது ஆப்பிரிக்காவில் சண்டை நடந்துகொண்டிருந்தது. அங்கேயும் தங்கம் தோண்டுகிற ஊர் உண்டு என்று பத்திரிகையில் போட்டிருந்தது. அவ்வளவுதான், கோவிந்தசாமி மேஸ்திரி எழுந்து நின்றுவிட்டார். அவர் கீழே ஒரு கூட்டம் ஆட்களை வைத்து வேலை வாங்குபவர். கடையிலும் அதே தோரணைதான்.

"சண்டைன்னா அங்க தங்கம் நின்னுபூடும். அங்க நின்னா இங்க தங்கத்துக்குக் கிராக்கி. இங்க கிராக்கின்னா நம்ம கூலி ஏறணும். ஏறணுமா, வாணாமா?"

"ஏறணுந்தான்" என்றாள் அக்கா. "ஆனா ஏறிக்கினு கீறது அரிசிதானே!"

"கப்பலெல்லாம் சண்டைக்குப் போயிடுச்சி. ரங்கூன் அரிசி எப்டி வரும்?"

"கப்பலு இன்னா பண்ணும்? நம்ம கடைக்காரன் படியோட அடிய உள்ளாற தட்டி வெச்சிகினு கீறான். ஆப்பிரிக்காக்காரனா வந்து தட்டினான்?"

சவரிமுத்து என்று ஒருவர், கீழே மரம் முட்டுக்கொடுக்கிற வேலை. ஞாயிறு காலை கோயிலுக்குப் போய்விட்டு நேரே இங்கே வருவார். அவர் ரொம்ப நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "இன்னாத்துக்கு அடிச்சிக்கிறீங்க? மண்ணு மைசூர் ராஜாவுது, மிஷினு தொரையுது, இருமலு நம்முது. பாகம் பிரிச்சாச்சி, வுடுங்க" என்றார். அதற்கப்புறம் இந்த நாட்டின் பொருளாதாரத்தைப் பற்றி நான் எத்தனையோ கட்டுரை வாசித்துவிட்டேன். இதைவிடச் சுருக்கமாக யாரும் சொன்னதில்லை.

இந்த அமளிக்கு நடுவில் வாயே திறக்காத மனுஷன் ஒருவர் உண்டு. எல்லம்மா அக்காவின் புருஷன் முனுசாமி அண்ணன். மேஸ்திரியின் ஆட்களில் ஒருவர். ஷிப்டு முடிந்து வந்து, குளித்து, ஒரு மூலையில் குந்திக்கொண்டு எல்லோரையும் மாறி மாறிப் பார்ப்பார். யார் எது சொன்னாலும், "ஆவட்டும்" என்பார். எதிர்க்கட்சிக்காரர் சொன்னாலும் அதே "ஆவட்டும்"தான்.

இப்படி இருக்கையில் சீமையிலிருந்து கம்பெனியின் முதலாளி ஒருவர் சுரங்கம் பார்க்க வருகிறார் என்று தகவல் வந்தது. லைனையும் பார்ப்பாராம். ஆட்கள் தரப்பில் ஒருவர் ஒரே ஒரு விஷயம் சொல்லலாமாம். சுரங்கத்தை நடத்துகிற எங்கள் உள்ளூர்த் துரை இதைச் சொன்ன விதத்திலேயே, "எல்லாம் சௌக்கியம்" என்பதுதான் அந்த ஒரு விஷயம் என்று எங்களுக்கு விளங்கிவிட்டது. ஆனால் மேஸ்திரிக்கு விளங்கவில்லை, அல்லது விளங்காத மாதிரி இருந்துவிட்டார்.

எதைச் சொல்வது? மேஸ்திரிக்குக் கூலி. அக்காவுக்கு அரிசி. சவரிமுத்துவுக்கு மாதா திருவிழாவுக்கு லீவு. பொம்பளைகள் தண்ணீரைப் பற்றி ஏதோ சொன்னார்கள். கிணற்றில் செம்மண் கரைந்து, குடத்தை ராத்திரி வைத்தால் காலையில் பாதி குடம் சேறு. அதைக் குடித்துவிட்டு அந்தக் கோடையில் மூன்று வீட்டில் குழந்தைகள் வயிற்றுப்போக்கில் போயிருந்தன. ஆனால் தண்ணீர் சுமப்பது பெண்கள் வேலை என்பதால் ஆண்கள் அதை ஒரு அரசியல் விஷயமாக எடுத்துக்கொள்ளவில்லை. நானும்தான். ஆப்பிரிக்காவைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்போது குடத்தைப் பற்றிப் பேசுவதா?

எதைச் சொல்வது என்று முடிவாகவில்லை, யார் சொல்வது என்பது முடிவாகிவிட்டது. மேஸ்திரி பேசினால் அக்கா விடமாட்டாள், அக்கா பேசினால் மேஸ்திரி விடமாட்டார். கடைசியில் முனுசாமி அண்ணன்! எல்லோரும் ஏகமனதாக ஒப்புக்கொண்டதற்குக் காரணம், எல்லோரும் ரகசியமாக அவருக்குத் தங்கள் பாடத்தைச் சொல்லிக்கொடுத்துவிடலாம் என்று நினைத்ததுதான். சுரங்கத்தின் கீழ்த்தட்டு லெவலில் மேஸ்திரி கூலியைச் சொல்லிக்கொடுத்தார். வீட்டில் அக்கா அரிசியைச் சொல்லிக்கொடுத்தாள். ஆட்களை ஏற்றி இறக்குகிற கேஜ் கூண்டில் ஏறி இறங்கும்போது சவரிமுத்து லீவைச் சொல்லிக்கொடுத்தார். எல்லோரிடமும் அண்ணன் "ஆவட்டும்" என்றார். பேச்சை மாற்றிச் சொல்கிற துபாஷி வேலைக்கு நான். எனக்கும் பெருமை தலைக்கு ஏறிப்போய், வெளுத்த கோட்டு ஒன்று இரவல் வாங்கி வைத்திருந்தேன்.

முதலாளித் துரை வந்தார். நல்ல ஆகிருதி. நடு வெயில். கழுத்து வரை பொத்தான் போட்ட சட்டைக்குள் மனுஷர் வெந்துகொண்டிருந்தார். லைனைப் பார்த்துக்கொண்டே வந்தவர், கூழ்க்கடைக்கு முன்னால் கூட்டத்தைப் பார்த்து நின்றார். உள்ளூர்த் துரை என்னைப் பார்த்துக் கண்ணைச் சுருக்கினார். முதலாளி இங்கிலீஷில் ஏதோ கேட்டார். நான் அண்ணன் பக்கம் திரும்பி, "தொரை உங்க அபிப்பிராயத்தக் கேக்குறாரு" என்றேன்.

அண்ணன் என்னைப் பார்த்தார். "என்னியா?"

"உங்களத்தான்."

"நெசமாவா?"

"சொல்லுண்ணா!" என்று பல்லைக் கடித்தேன். பின்னாலிருந்து மேஸ்திரி, "கூலி" என்று இருமினார். அக்கா, "அரிசி" என்று கனைத்தாள். அண்ணன் முதலாளியின் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: "தொரைக்குத் தாகமா கீதான்னு கேளுப்பா."

நான் கேட்பதற்குள் அவரே கடைக்குள் போய் ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து இரண்டு கையாலும் நீட்டினார். முதலாளி வாங்கிக்கொண்டு சிரித்தார். வாயருகே கொண்டுபோனவர் உள்ளே பார்த்தார். சிரிப்பு நின்றுவிட்டது. செங்கல் கரைத்த மாதிரி இருந்தது தண்ணீர்.

"இதையா இவர்கள் குடிக்கிறார்கள்?" என்று என்னிடம் கேட்டார்.

எனக்கு இங்கிலீஷ் தெரியும் என்று முன்பே சொன்னேன் அல்லவா? பயம் வந்தால் அதில் ஒரே ஒரு வாக்கியம்தான் மிஞ்சும். "எஸ் சார்" என்றேன்.

உள்ளூர்த் துரை முகம் சிவந்து, "இது பாத்திரம் கழுவுகிற தண்ணீர், அப்படித்தானே?" என்றார்.

"எஸ் சார்."

"எது உண்மை?" என்றார் முதலாளி.

"எஸ் சார்" என்றேன்.

அப்போதுதான் எல்லம்மா அக்கா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். அவளுக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் மூன்று முகத்தையும் பார்த்தால் போதாதா? முதலாளியின் கையிலிருந்த சொம்பை வெடுக்கென்று பிடுங்கி, அண்ணாந்து, மடக் மடக்கென்று அத்தனையும் குடித்தாள். சொம்பைக் கவிழ்த்துக் காட்டினாள். அடியில் ஒட்டியிருந்த சேற்றை விரலால் வழித்து முதலாளியின் கண்ணுக்கு முன்னால் நீட்டினாள். பின்வரிசையில், அந்தக் கோடையில் பிள்ளையைப் பறிகொடுத்த பெண் ஒருத்தி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

முதலாளி தொப்பியைக் கழற்றினார். எதற்கு என்று அவருக்கே தெரிந்திருக்காது. அப்போதும் அக்கா விடவில்லை. "அப்டியே அந்த அரிசி வெசயத்தயும் சொல்லு ரைட்டரு!" என்றாள். அதற்கு மட்டும் எனக்கு "எஸ் சார்" வரவில்லை.

அன்று சாயங்காலம் கடையில் பெரிய நியாய விசாரணை. "கூலின்னு ஒரு வார்த்த சொன்னியா? எம்மாம் பாடுபட்டு சொல்லிக் குடுத்தேன்!" என்று மேஸ்திரி தலையில் அடித்துக்கொண்டார். "எம்மாம் யோசன பண்ணி தண்ணியக் குடுத்தீங்க!" என்று சவரிமுத்து கையெடுத்துக் கும்பிட்டார். அண்ணன் குழம்பிப்போய் எல்லோரையும் பார்த்தார்.

"யோசனயா? அந்தாளுக்கு மூஞ்சியெல்லாம் வேர்த்துக்கினு இருந்திச்சி. பாவமா இருந்திச்சி. அதான்" என்றார்.

மழைக்காலம் முடிவதற்குள் எங்கள் லைனுக்குக் குழாய் வந்துவிட்டது. திறந்துவிட்ட முதல் நாள் பெண்கள் குடத்தை நிரப்புவதை விட்டுவிட்டுச் சும்மா தண்ணீர் விழுவதையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். மேஸ்திரி ஒரு கை அள்ளிக் குடித்துவிட்டு, "ருசியே இல்லியே" என்று அபிப்பிராயம் சொன்னார். "மண்ணு வேணும்னா கொஞ்சம் கரைச்சிக் குடி நைனா" என்றாள் ஒரு கிழவி.

குழாய் வந்த கையோடு எனக்கு மாற்றலும் வந்தது. உள்ளூர்த் துரை என்னை மெழுகுவத்தி ஸ்டோரிலிருந்து பாய்லர் விறகு அடுக்குகிற இடத்துக்கு அனுப்பினார். தண்டனைதான். நாய்கள் என்னைக் கைவிட்டன. கொஞ்ச நாளில் காவிரியிலிருந்து கம்பியில் மின்சாரம் வந்தது, விறகுக்கும் வேலை இல்லாமல் போனது. கம்பியில் வருவது மின்னலா, பேயா என்று கடையில் மாதக்கணக்கில் வாதம். அதை நான் விலாவாரியாக ஆரம்பித்தால் உங்களுக்குச் சாப்பாட்டு நேரம் தவறிவிடும்.

முனுசாமி அண்ணனுக்குத்தான் கஷ்டகாலம். அபிப்பிராயம் சொல்லிக் குழாய் கொண்டுவந்த மனுஷன் என்று பேராகிவிட்டது. கல்யாணத்துக்கு வரன் பார்ப்பதிலிருந்து கருப்பு ஆடா வெள்ளை ஆடா என்பது வரை எல்லோரும் அவரிடம் யோசனை கேட்க வந்தார்கள். அவர் பயந்துபோய், ஷிப்டு முடிந்தாலும் கடைசி கேஜில்தான் மேலே வருவார். கடைசியில் அவருக்கு இருமல் முற்றி, அக்காவும் அவரும் குடியாத்தத்துக்கே திரும்பிப்போனார்கள். ரயிலேற்றிவிட நான் போயிருந்தேன். மனசு கேட்காமல், "அண்ணா, இத்தினி வருசம் இருந்தீங்களே, இந்த ஊரு எப்டி?" என்று கேட்டுவிட்டேன்.

"உள்ளாற நல்லாத்தான் இருந்திச்சிப்பா" என்றார். "மேலதான் ஒரே பேச்சு."

அக்கா பக்கத்தில் உட்கார்ந்து சிரி சிரியென்று சிரித்தாள். பிறகு முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

அந்த லைன் இன்று இல்லை. கம்பெனி மூடியதும் தட்டிகளை அடுப்புக்கு எடுத்துக்கொண்டு போனார்கள். ஆலையில் தங்கத்தை எடுத்துவிட்டு அரைத்துத் தள்ளிய மண் மலை மாதிரி குவிந்து, வருஷா வருஷம் நகர்ந்து, கிணறு, குழாய், கூழ்க்கடை எல்லாவற்றையும் மூடிவிட்டது. புதிதாக வருகிறவர்கள் அதை மேடு என்கிறார்கள். மாலையில் அதன்மேல் ஏறிக் காற்று வாங்குகிறார்கள். காற்று பலமாக அடிக்கிற நாளில் அந்த வெள்ளைத் தூள் பறந்து வந்து, கொடியில் காயப்போட்ட என் வேட்டியில் படிகிறது. மருமகள் திட்டிக்கொண்டே உதறுகிறாள்.