நான் ஏறவிடாத பேருந்து

நான் ஒரு மாணவியை ஏமாற்றினேன். அவள் என் எதிரில் நின்றுகொண்டிருந்தபோதே, அவள் சொன்ன உண்மையைப் பொய் என்று சொன்னேன். கல்லூரி முதல்வரிடம் ஒரு முறை சொன்னேன். அவளுடைய அப்பாவிடம் தொலைபேசியில் மறுபடியும் சொன்னேன். யாரும் என்னை மிரட்டவில்லை.

ஊத்தங்கரைப் பக்கம் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் அப்போது வேலை பார்த்தேன். அரசுக் கல்லூரியில் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவன் என்பதால் மாணவர் நலப் பொறுப்பாளர் என்று ஒரு நாற்காலி கொடுத்திருந்தார்கள். விடுதி, சாப்பாடு, கல்லூரிப் பேருந்து, காய்ச்சல் வந்தால் ஆஸ்பத்திரி, ஊருக்குப் போக அனுமதி, இவையெல்லாம் என் பொறுப்பு. ஒவ்வொரு கோடையிலும் என் வேலையை ஓராண்டுக்கு நீட்டிப்பார்கள். நீட்டிக்காமல் விட்டுவிட்டால் வீட்டில் உட்கார்ந்து என்ன செய்வேன் என்ற பயம் எனக்கு எப்போதும் இருந்தது. இதைச் சமாதானமாகச் சொல்லவில்லை. அந்தப் பயம் எந்த அளவுக்கு என்னை இழுத்துக்கொண்டு போனது என்று தெரிய வேண்டும், அதற்காகச் சொல்கிறேன்.

புயல் என்றால் கடற்கரைக்காரர்களின் கஷ்டம் என்றுதான் எங்கள் பக்கத்தில் நினைப்போம். அந்த முறை கரையைக் கடந்த புயல் வலுவிழந்து எங்கள் தலைக்கு மேல் வந்து உட்கார்ந்துகொண்டது. வருடத்தில் பாதி நாள் காய்ந்து கிடக்கும் ஏரிகள் ஒன்றன்பின் ஒன்றாக நிரம்பி, கீழ் ஏரிக்குத் தண்ணீரைத் தள்ளின. காலையில் விடுதியின் கீழ்த்தளத்தில் கட்டில் உயரத்துக்குத் தண்ணீர் நின்றது. மாணவர்களின் செருப்புகள் மெஸ்ஸுக்குள் மிதந்தன.

நிர்வாகம் உடனே ஒரு முடிவு எடுத்தது. கல்லூரி மூடப்படுகிறது; விடுதியில் ஒருவரும் இருக்கக் கூடாது; மற்றவர்கள் ஊருக்குப் போகட்டும்; செய்முறைத் தேர்வு இருக்கிற இறுதியாண்டு மாணவர்கள் மட்டும் சூளகிரியில் உள்ள எங்களுடைய இன்னொரு கல்லூரிக்குப் பேருந்தில் போய், அங்கேயே தங்கித் தேர்வு எழுதட்டும். நியாயமான முடிவு. அதை நடத்திக் காட்டுவது என் வேலை.

அதற்குள் ஏரிக்குக் கீழே இருந்த காலனியின் சனங்கள் எங்கள் வாசலுக்கு வந்துவிட்டார்கள். குழந்தைகளும் கோழிகளும் நனைந்த பாய்களுமாக நின்றவர்களை எங்கே போகச் சொல்வது? யாரையும் கேட்காமல் கலையரங்கத்தைத் திறந்துவிட்டேன். அது ஒன்றுதான் அந்த வாரத்தில் நான் உருப்படியாகச் செய்தது. சமையல்காரர்கள் போய்விட்டிருந்தார்கள். ஊருக்குப் பஸ் ஓடாததால் தங்கிவிட்ட இரண்டாம், மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகள் சிலர் மாடியில் அடுப்பை மூட்டினார்கள். அவர்களை நடத்தியவள் இறுதியாண்டு மின்னணுவியல் படித்த ஒரு பெண். அஞ்செட்டியைத் தாண்டி, காட்டோரத்தில் இருக்கும் நாட்றாம்பாளையத்துக்காரி. வீட்டில் கன்னடம், பள்ளியில் தமிழ், விடுதியில் கூடப் படித்தவர்களிடமிருந்து தெலுங்கு. காலனியில் பாதிக் குடும்பங்கள் தெலுங்கு பேசுபவர்கள். பாதி இரவில் வீட்டைப் பறிகொடுத்தவர்கள் என் தமிழுக்குத் தலையாட்டினார்கள், அவளிடம்தான் பேசினார்கள்.

கிருஷ்ணகிரிச் சந்தைக்குப் போக முடியாமல் நின்ற லாரியிலிருந்து தக்காளி கிடைத்தது. அதனால் மூன்று வேளையும் தக்காளிச் சோறு. காலனிக்காரப் பெண் ஒருத்தி தட்டைத் தூக்கிக் காட்டினாள்.

"ஏ கண்ணு, இது தக்காளிச் சோறா, செவப்புத் தண்ணிச் சோறா?"

"ஏரித் தண்ணிய விட நல்லாருக்கும்க்கா. தின்னு பாருங்க."

பக்கத்தில் வாளி பிடித்திருந்த இரண்டாமாண்டுப் பையன் விடவில்லை. "அக்கா, ஓசூரு கம்பெனியில ஒன்ன எடுத்தது மெசின் ஓட்டவா, கேன்டீனுக்கா?"

"கேன்டீனுக்கேன்னு வச்சுக்கடா. ஒந்தட்டுக்கு மட்டும் உப்பில்லாம போடறேன்."

அவளுக்கு ஓசூரில் ஒரு மின்னணு நிறுவனத்தில் வேலை உறுதியாகியிருந்தது. கல்லூரிக்கே வந்து தேர்ந்தெடுத்திருந்தார்கள். ஒரு நிபந்தனை: சேரும் நாளில் எந்தப் பாடத்திலும் அரியர் இருக்கக் கூடாது. அவள் வீட்டில் முதலில் கல்லூரிக்கு வந்தவள் அவள். அந்த வேலைக்காக அவள் எப்படிப் படித்தாள் என்பது விடுதிப் பொறுப்பில் இருந்த எனக்கு நன்றாகத் தெரியும்.

சூளகிரிக்குக் கடைசிப் பேருந்து கிளம்பத் தயாரானபோது பையோடு என்னிடம் வந்தாள்.

"சார், நான் கெளம்பட்டுங்களா? நாளைக்குப் பிராக்டிகல்."

"நீ போயிட்டா இவங்ககிட்ட யாரும்மா பேசுவா? எனக்குத் தெலுங்கு வராது."

"இல்லீங்க சார், எக்சாம்…"

"ஓ.டி. போட்டுடலாம்மா. உனக்குத் தனியா வச்சுக் குடுப்பாங்க. பிரின்சிபால்கிட்ட பேசிட்டேன்."

"பேசிட்டீங்களா சார்?"

"பேசிட்டேம்மா. போ, அந்தப் பக்கம் பால் பவுடர் கேக்கறாங்க."

நான் பேசியிருக்கவில்லை. பேசினால் கிடைக்கும் என்று நினைத்தேன், அவ்வளவுதான். எங்கள் கல்லூரிகளில் ஓ.டி., அதாவது ஆன் டியூட்டி, அப்படித்தான் நடக்கும். கல்லூரி வேலையாகவோ விளையாட்டுக்கோ போகிற மாணவனுக்கு வருகை போட்டுவிடுவார்கள், தவறிய தேர்வைப் பிறகு வைத்துக் கொடுப்பார்கள். கபடிக்குப் போகிறவன் வகுப்பு வாசலில் நின்று "சார், ஓ.டி." என்பான். ஆசிரியர் தலையை அசைப்பார். காகிதம் எப்போதோ பின்னால் வரும். வாத்தியார் வாயால் சொல்லிவிட்டால் அது நடந்ததற்குச் சமம். அந்தப் பழக்கத்தில்தான் அவள் பையை மறுபடி மாடியில் கொண்டுபோய் வைத்தாள். பேருந்து போய்விட்டது.

மாலையில் முதல்வர் அழைத்தார். நான் வாய் திறப்பதற்குள் அவர் ஆரம்பித்துவிட்டார். "விடுதியில ஒரு பிள்ளகூட இருக்கக் கூடாது சார். கட்டடம் பூரா ஈரம். யாருக்காவது கரண்ட் அடிச்சா நாமதான் பதில் சொல்லணும். தாளாளர் ரொம்பக் கோவமா இருக்கார். எல்லாரும் கெளம்பியாச்சில்ல?"

"கெளம்பியாச்சு சார்."

அந்தப் பதிலுக்குப் பிறகு அவளுடைய ஓ.டி.யைப் பற்றி எப்படிப் பேசுவது? கிளம்பிப் போய்விட்டதாக நான் சொன்ன பெண் மாடியில் அரிசி களைந்துகொண்டிருந்தாள். தண்ணீர் வடியட்டும், நேரில் பேசிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டேன். வெளியிலிருந்து வந்த தேர்வாளர் வேலையை முடித்துக்கொண்டு போய்விட்டார். அவள் எண்ணுக்கு நேரே ‘வரவில்லை’ என்று பதிவானது. அந்த அரியரை எழுத, படிப்பு முடிந்த பிறகுதான் மறுபடி தேர்வு வரும்.

கல்லூரி திறந்ததும் விசாரித்தார்கள். முதல்வர் அறையில் அவரும் துறைத் தலைவரும் நானும் உட்கார்ந்திருந்தோம். அவள் நின்றுகொண்டிருந்தாள். அவள் பயப்படவில்லை என்பது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. நான் இருக்கிறேன் என்ற தைரியம்.

"சார்தான் இருக்கச் சொன்னாருங்க சார். ஓ.டி.க்கு உங்ககிட்ட பேசிட்டேன்னாரு. ஜூனியருங்க எல்லாருக்கும் தெரியும்."

முதல்வர் என் பக்கம் திரும்பினார். "நீங்க இருக்கச் சொன்னீங்களா சார்?"

ஆமாம் என்றால், மூடச் சொன்ன வளாகத்துக்குள் பிள்ளைகளை வைத்திருந்தது வெளியே வரும். எல்லோரும் போய்விட்டார்கள் என்று நான் சொன்னது பொய் என்று தெரியும். கோடையில் என் வேலை நீளாது.

"எல்லாரையும் பஸ்ல ஏறச் சொன்னேன் சார். ஏறிட்டாங்கன்னுதான் நெனச்சேன்."

அவள் என்னைப் பார்த்தாள். கோபம் இல்லை. நான் வேறு யாரையோ பற்றிப் பேசுகிறேன், இதோ திருத்திக்கொள்வேன் என்பது போலக் காத்திருந்தாள். துறைத் தலைவர் அவளுடைய அப்பாவுக்குப் போன் போட்டு என் கையில் கொடுத்தார்.

"சாரே, பொண்ணு என்னமோ சொல்லுது. நீங்கதான் நிக்கச் சொன்னீங்களாம். நெஜமா சாரே?"

"இல்லீங்க" என்றேன்.

ஜூனியர்களை யாரும் கூப்பிட்டுக் கேட்கவில்லை.

படிப்பு முடிந்து கிளம்பும்போது, விடுதியில் பாக்கி எதுவும் இல்லை என்று ஒவ்வொருவரும் என்னிடம் கையெழுத்து வாங்க வேண்டும். அவளும் வந்தாள். கூடப் படித்தவர்கள் ஓசூரில் அறை பார்ப்பதைப் பற்றி வராந்தாவில் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். அரியர் இருந்ததால் நிறுவனம் அவளை எடுக்கவில்லை. நான் கையெழுத்துப் போட்டேன். "தேங்க்ஸ் சார்" என்று சொல்லிவிட்டுப் போனாள். நான்கு வருடப் பழக்கத்தில் அந்த வார்த்தை தானாக வந்துவிட்டது. அதற்குப் பிறகு என்னால் அந்த அறையில் உட்கார முடியவில்லை.

எனக்கு வேலை நீட்டித்துக் கொடுத்தார்கள். அதை வாங்கிக்கொண்டு சில வாரம் போய் வந்தேன். பிறகு ஒரு நாள் முதல்வரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். அவர் ஆச்சரியப்படவில்லை.

"எனக்கும் டிபார்ட்மென்ட் ஹெட்டுக்கும் அப்பவே தெரியும் சார்."

"தெரிஞ்சுமா?"

"நீங்க சோறு போடற படம் பேப்பர்ல வந்துச்சே. பக்கத்துல அந்தப் பொண்ணுதான வாளியோட நிக்குது? பசங்களக் கூப்பிட்டுக் கேட்டிருந்தா நமக்குத்தான் அசிங்கம். நீங்க இல்லன்னு சொன்னது நல்லதாப் போச்சு. இப்ப ஏன் சார் கெளர்றீங்க?"

என் பொய்யை நம்பித்தான் அவளைத் தண்டித்தார்கள் என்று அதுவரை நினைத்திருந்தேன். யாரும் நம்பியிருக்கவில்லை. அந்த அறையில் இருந்த மூன்று படித்தவர்களுக்கும் அவள் சொன்னது உண்மை என்று தெரிந்திருக்கிறது. எழுதிக் கொடுக்கிறேன் என்றேன். கொடுத்தேன். அந்த வாரமே என்னை விடுவித்தார்கள். கையெழுத்தான காகிதம் இல்லாமல் இனி ஓ.டி. கிடையாது என்று ஓர் அறிவிப்பு ஒட்டினார்கள். அவளுக்கு ஒன்றும் மாறவில்லை. ஓசூர் நிறுவனத்துக்கும் போனேன். மனிதவள அதிகாரி என் பேரன் வயதுப் பையன். மரியாதையாகக் காபி வாங்கிக் கொடுத்து, அந்த வருடத்து ஆட்களைச் சேர்த்து முடித்துவிட்டோம் என்றான்.

அவள் சூளகிரித் தொழிற்பேட்டையில் ஒப்பந்த வேலையில் இருப்பதாகப் பழைய ஜூனியர் ஒருவன் சொன்னான். ஷிப்ட் முடிகிற நேரத்தில் நெடுஞ்சாலை டீக்கடையில் காத்திருந்தேன். சீருடையில் நிறையப் பெண்கள் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கினார்கள். அவளே என்னை அடையாளம் கண்டு வந்தாள். அரியரை அடுத்த தேர்விலேயே முடித்துவிட்டாளாம். நான் எல்லாவற்றையும் சொன்னேன். முதல்வருக்குத் தெரிந்திருந்ததையும் சொன்னேன். பெங்களூரில் எனக்குத் தெரிந்தவர் ஒருவர் நிறுவனம் நடத்துகிறார், அவரிடம் பேசுகிறேன் என்றேன்.

"பேசிட்டீங்களா, பேசப் போறீங்களா சார்?"

அவளே தொடர்ந்தாள்.

"வேல நான் பாத்துக்குவேன் சார். எங்கப்பாகிட்ட நீங்க சொன்னீங்கல்ல, அதத்தான் என்னால ஒண்ணும் பண்ண முடியல. சுத்திட்டு, எக்சாம் எழுதாம, மேல பொய்யும் சொல்றேன்னாரு. நான் வூட்டுக்குப் போறதில்ல."

"நான் போய்ச் சொல்றேம்மா. நீயும் வா."

"நாளைக்கும் எனக்கு ஷிப்டு இருக்குது" என்று சொல்லிவிட்டு, டீயைக் குடிக்காமல் போய்விட்டாள்.

தேன்கனிக்கோட்டை வழியாகப் பஸ் மாறி மாறி நாட்றாம்பாளையம் போனேன். அவளுடைய அப்பா களத்தில் ராகிக் கட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தார். பொண்ணு படித்த காலேஜ் சார் என்றதும் துண்டை உதறிப் போட்டு உட்காரச் சொன்னார். நின்றுகொண்டே சொன்னேன். உங்கள் பெண் சொன்னதுதான் உண்மை, நான்தான் பொய் சொன்னேன் என்றேன். அவருக்குப் புரியவில்லையோ என்று இன்னொரு தடவை சொன்னேன்.

அவர் என்னைத் திட்டுவார் என்று தயாராகப் போயிருந்தேன். அவர் வாசலில் நின்ற மனைவியைப் பார்த்தார்.

"இவ அப்பவே சொன்னா சாரே, எம்பொண்ணு பொய் பேசாதுன்னு. நான்தான், அவ்ளோ படிச்ச சாரு எதுக்குப் பொய் சொல்லப்போறாருன்னு இவ வாய அடச்சேன். போன வச்சதும் புள்ளய என்னென்ன பேசினேன்னு ஒங்களுக்குத் தெரியுமா?"

அந்த அம்மா கன்னடத்தில் ஏதோ சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை. அப்பா சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து மகளைக் கூப்பிட்டார். மணி அடித்து நின்றது. தொழிற்சாலைக்குள் போனை வாங்கி வைத்துவிடுவார்கள் என்றேன். அவர் கேட்கவில்லை. மறுபடி, மறுபடி போட்டார். கடைசியில் "நீங்க போடுங்க சாரே, ஒங்க நம்பருன்னா எடுக்கும்" என்றார். போட்டேன். எடுக்கவில்லை.

அடுத்த வாரம் அவர் சூளகிரிக்குப் போய் அவளைப் பார்த்திருக்கிறார். எனக்குப் போன் செய்து சொன்னார். "டீ வாங்கிக் குடுத்துச்சு சாரே. தப்பு எம்மேலதான், வூட்டுக்கு வாம்மான்னேன். பாக்கறேன்னுச்சு. பஸ் ஏத்திவுட்டுது."

அவள் இன்னும் வீட்டுக்குப் போகவில்லை. பிறகு சூளகிரி வேலையையும் விட்டுவிட்டாள். பெங்களூருக்குப் போயிருப்பாள் என்று ஜூனியர் பையன் சொல்கிறான்; மாதம் ஒரு முறை அம்மாவிடம் மட்டும் பேசுகிறாளாம். அவளுடைய அப்பா எப்போதாவது என்னை அழைத்து, பொண்ணைப் பற்றி ஏதாவது தெரிந்ததா என்று கேட்பார். தெரியவில்லை என்று சொல்வேன். அவர் உடனே வைத்துவிட மாட்டார். யானை இறங்கி ராகியை மிதித்ததைச் சொல்வார், மழை வந்ததா என்று கேட்பார். நான் கேட்டுக்கொண்டிருப்பேன்.