செய்யாததையும் எழுதிய இராசமலர்

1986.09.02 – தாள் 1 – ரூபா 20
1987.02.16 – தாள் 9 – ரூபா 20
1987.02.27 – தாள் 9, திருத்தியது – கூலி வாங்கவில்லை
1990.05.28 – தாள் 31 – ரூபா 25

அச்சுவேலியில் பஞ்சலிங்கத்தின் கொம்பியூட்டர் கடையில் பதிவுப் புத்தகம் எழுதியவன் நான். இராசமலர் கோப்பாயிலிருந்து சைக்கிளில் வருவாள். வயது இருபத்தெட்டு. டிஸ்க்கில் உள்ள புறோகிறாம் என்ன செய்யும் என்று, வாங்கும் சனத்துக்கு விளங்கும் தமிழில் ஒரு தாள் எழுதி உறைக்குள் வைப்பது அவள் வேலை.

ஒன்பதாம் தாள் சாதக டிஸ்க்குக்கானது. ‘இரண்டு சாதகங்களைப் பொருத்திப் பார்த்து முடிவு சொல்லும்’ என்று எழுதினாள்.

அப்போது அவளுக்கு உடுப்பிட்டி அருளம்பலத்தைக் கலியாணம் பேசியிருந்தார்கள். இருவருக்கும் விருப்பம். 1987.02.20 அன்று அவருடைய தாய் நல்லம்மா இரண்டு சாதகக் குறிப்புகளோடு கடைக்கு வந்தார். இராசமலர் அன்று வரவில்லை. பஞ்சலிங்கம் இருவருடைய பிறந்த நேரங்களையும் கொம்பியூட்டரில் தட்டினார். பொருத்தமில்லை என்று வந்தது.

“உது பொய் சொல்லுமோ தம்பி?”

“மெசின் ஏன் அக்கா பொய் சொல்லுது? அதுக்கென்ன உங்களோடை கோவமே?”

“அப்ப சரி. உங்கடை கடைப் பிள்ளை எழுதின தாளிலையும் முடிவு சொல்லுமெண்டுதானே கிடக்கு.”

சம்பந்தம் நின்றது.

ஒரு கிழமை கழித்து இராசமலர் பிழையைக் கண்டாள். எங்கள் பக்கத்துக் குறிப்புகள் வாக்கிய பஞ்சாங்கப்படி எழுதியவை. அதில் அவள் நட்சத்திரம் ரோகிணி. டிஸ்க் திருக்கணிதப்படி கணித்துக் கார்த்திகை என்றது. ரோகிணிக்குப் பொருத்தம் உண்டு. அவள் வீட்டார் ஆள் அனுப்பிச் சொன்னார்கள். முடிந்த கதை என்று நல்லம்மா மறுத்துவிட்டார்.

“எந்தப் பஞ்சாங்கமெண்டு நான் எழுதேல்லை, ஐயா. என்ரை பிழை,” என்றாள் என்னிடம்.

ஒன்பதாம் தாளின் தலையில் ‘வாக்கிய பஞ்சாங்கப்படி கணிக்காது’ என்ற வரியைச் சேர்த்தாள். அதன்பின் ஒவ்வொரு தாளிலும் புறோகிறாம் செய்யாததை முதல் வரியாக எழுதினாள். ‘தமிழில் எழுதாது.’ ‘கரண்ட் நின்றால் சேமிக்காதது போய்விடும்.’

“உப்பிடி எழுதினால் ஆர் பிள்ளை வாங்குவினம்?” என்றார் பஞ்சலிங்கம்.

“வாங்காமல் போகட்டும் அண்ணை.”

அதற்கு முந்திய வருடம், நினைத்ததைச் செய்யவில்லை என்று திரும்பி வந்த டிஸ்க்குகள் பதினொன்று. அடுத்த வருடம் இரண்டு.

அருளம்பலம் 1988இல் ஜேர்மனிக்குப் போனார். 1989.01.12 அன்று இராசமலர் இரண்டு கணிப்புகளையும் அவருக்கு எழுதி அனுப்பினாள். பதில் இல்லை. 1990 ஆனியில் சண்டை தொடங்கி மின்சாரம் நின்றது. பஞ்சலிங்கம் கடையைப் பூட்டிவிட்டுக் கொழும்புக்குப் போனார். இராசமலர் கூட்டுறவுச் சங்கக் கடையில் அரிசி நிறுத்துக் கொடுத்தாள். வேறு சம்பந்தம் பேச விடவில்லை.

கடை முகவரிக்கு அருளம்பலத்திடமிருந்து வந்த கடிதத்தைத் தபால்காரர் என்னிடம் தந்தார். நான் கொண்டுபோய்க் கொடுத்தேன். தராசுக்குப் பக்கத்தில் நின்றபடியே வாசித்தாள்.

“என்னவாம் பிள்ளை?”

“கலியாணம் முடிச்சிட்டாராம். ரண்டு பிள்ளையளாம். தாய்க்கு என்னைப் பிடிக்கேல்லையாம். குறிப்பிலை ரோகிணியெண்டு கிடந்ததைத் தாய் அண்டைக்கே கண்டதாம். என்னை வேண்டாமெண்டு சொல்லத் தாளைச் சாட்டாப் பிடிச்சதாம்.”

“அப்ப உன்ரை பிழையில்லை. என்னட்டைக் கிடக்கிற ஒன்பதாம் தாளிலை அந்தப் பஞ்சாங்க வரியை வெட்டிவிடட்டோ?”

“வேண்டாம் ஐயா. அது சரியான வரிதானே.”

அடுத்த ஆளின் பையை வாங்கித் தராசில் வைத்தாள்.

கடிதம் கிடைத்த திகதி: 1995.10.09, திங்கட்கிழமை.