லாரிக்கு முன்னால் டெல்லி

என் கணவர் பாலக்காட்டுப் பக்கம் முதலமடையிலிருந்து டெல்லிக்கு மாங்காய் லாரி ஓட்டுகிறார். கல்யாணமான நாள் முதல் எனக்கு டெல்லி என்றால் அவர் வீட்டில் இல்லாத நாட்கள்தான். ரோட்டில் இரண்டாயிரத்து ஐந்நூறு கிலோமீட்டர் என்பார். போக நாலு நாள். அங்கே வேறு லோடு கிடைக்கக் காத்திருந்து, திரும்பி வர இன்னும் கூடுதலாகும்.

எங்கள் மகள் போன வருடம் டெல்லியில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸாகச் சேர்ந்தாள். இந்தச் சீசனில் அவர் லோடு ஏற்றிக் கிளம்பிய மறுநாள் போன் செய்தாள்.

"அம்மா, நாளன்னிக்கு உனக்குக் கோயமுத்தூர்ல இருந்து பிளேன் டிக்கெட் போட்டுட்டேன். அப்பாகிட்டச் சொல்லாத."

"அதுக்குள்ள லாரி பாதி தூரத்துக்கு மேல போயிருக்குமே கண்ணு."

"வானத்துல ரெண்டாயிரம் கிலோமீட்டர்கூட இல்லைம்மா. நேர் வடக்க. மூணு மணி நேரத்துல வந்துருவ."

மாடுகளைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் ஒப்படைத்தேன். கிளம்புவதற்கு முந்தின நாள் சாயங்காலம் அவர் நாக்பூரிலிருந்து கூப்பிட்டு, மாட்டுக்குத் தண்ணி காட்டியாச்சா என்று கேட்டார். ஆச்சுங்க என்றேன். பெட்டியில் சேலைகளை மடித்து வைத்துக்கொண்டேதான் பேசினேன்.

விமானத்தில் ஜன்னலோர இடம் கிடைத்தது. அவ்வளவு உயரத்திலிருந்து லாரி தெரியாது என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் ரோடு மாதிரி ஒரு கோடு தெரிந்தபோதெல்லாம் நெற்றியைக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டேன். ஒரு பெரிய ஆறு வெயிலில் மின்னியது. பார்த்துக்கொண்டே இருந்தபோது இறங்கப்போகிறோம் என்று அறிவித்துவிட்டார்கள்.

மறுநாள் காலை மகளும் நானும் அவர் லோடு இறக்கும் மண்டி வாசலில் நின்றோம். எங்கள் லாரி தூசி படிந்து வந்து நின்றது. அவர் தலையில் துண்டோடு இறங்கினார்.

"ஏனுங்க, டீ குடிக்கறீங்களா?" என்றேன்.

திரும்பியவர் என்னைப் பார்த்தார், மகளைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார். "நீ எப்பப் புள்ள கிளம்புன?"

"நீங்க நாக்பூர் தாண்டின பொறகுதானுங்க."

அப்படியே லாரிப் படியில் உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். அன்று மூட்டை இறக்க வந்த ஒவ்வொருவரையும் நிறுத்தி, தன்னுடைய ஓட்டை இந்தியில், "இவள் எனக்குப் பின்னால் கிளம்பி எனக்கு முன்னால் வந்துவிட்டாள்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

மகளுடைய அறையில் மூன்று நாள் இருந்தோம். திரும்பிப் போகவும் பிளேன் டிக்கெட் போடட்டுமா என்று அவள் கேட்டாள்.

"வேண்டாங் கண்ணு. அப்பாகூடவே போயிக்கறேன்."

"லாரியிலயா? முதுகு போயிரும் புள்ள," என்றார் அவர்.

"போனாப் போகுதுங்க."

முதுகு போகத்தான் செய்தது. ஆனால் வழி முழுக்கப் பேசிக்கொண்டே வந்தோம். ஐதராபாத் தாண்டி மழை பிடித்துக்கொண்டதால் ஒரு தாபா ஓரமாக லாரியை நிறுத்தினார். அவருடைய சின்ன ஸ்டவ்வில் நான் ரசம் வைத்தேன். வாசனை பிடித்துப் பக்கத்து லாரிக்காரர்கள் இரண்டு பேர் டம்ளரோடு வந்துவிட்டார்கள்.