இரண்டு ஸ்பிரிங்கும் ஒரு தாய்மாமாவும்

நடந்தவை, வரிசைப்படி:

1. என் தம்பி கார்த்தி தன் காரின் உயரத்தைக் குறைக்க ஆசைப்பட்டான்.
2. அதற்கான நான்கு ஸ்பிரிங்குகளை நான் ஜெர்மனியில் வாங்கினேன்.
3. இரண்டு மட்டும் எங்கள் ஊரான குடிகாட்டுக்கு வந்து சேர்ந்தன.
4. சிதம்பரத்தில் அவனுக்குக் கல்யாணம் நடந்தது.
5. மணப்பெண்ணை ஏற்றிவந்த அந்தக் கார், அப்பா போட்ட வேகத்தடைக்கு முன்னால் நின்றுவிட்டது.
6. தாய்மாமாவை டிக்கியில் உட்காரச் சொன்னேன்.

ஆறாவதைப் படித்ததும் ஊரில் இருப்பவர்கள் தலையில் கை வைத்திருப்பீர்கள். வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் என்ன ஆகியிருக்கும் என்று சொல்லவே வேண்டாம். பெட்டியின் எடை.

நான் இருப்பது தெற்கு ஜெர்மனியில் ஒரு சின்ன நகரம். கார் உதிரிபாகங்களைச் சோதிக்கும் பிரிவில் வேலை. வந்த புதிதில் எனக்கு விசித்திரமாகப் பட்டது குளிரோ ரொட்டியோ இல்லை. காரில் போகும்போது இங்கே யாரும் பேச்சை நிறுத்துவதில்லை என்பதுதான். நம் ஊரில் கார்ப் பேச்சுக்கு ஒரு தாளம் உண்டு. இரண்டு வாக்கியம், ஒரு வேகத்தடை, "தல பாத்து", மறுபடி இரண்டு வாக்கியம். இங்கே சக ஊழியர் ஒருவர் தன் விவாகரத்துக் கதை முழுவதையும் அலுவலகத்திலிருந்து ரயில் நிலையம் போவதற்குள் ஒரே மூச்சில் சொல்லி முடித்தார். சாலை அப்படி. இடையில் குலுங்கியிருந்தால் அவரும் கொஞ்சம் யோசித்திருப்பார், நானும் ஏதாவது ஆறுதல் சொல்லியிருப்பேன்.

இப்படிப்பட்ட சாலையில் கார்களைத் தாழ்த்தி ஓட்டுவது இங்கே பலருக்குப் பொழுதுபோக்கு. அந்தப் படங்களைப் பார்த்துத்தான் கார்த்திக்கு ஆசை வந்தது. அவனிடம் இருப்பது ஒரு பழைய ஐரோப்பிய ஹேட்ச்பேக். குடிகாட்டிலிருந்து கடலூர் முதுநகரில் அவன் வேலை பார்க்கும் வங்கிக்குத் தினமும் அதில்தான் போய்வருகிறான். ஒருநாள் போனில் சொன்னான்.

"அக்கா, நம்ம காரு நிக்கிறத பாத்தா, பொடவைய தூக்கிப் புடிச்சிக்கிட்டு தண்ணியில எறங்குற மாதிரியே இருக்கு. டயருக்கு மேல அவ்ளோ எடம். ஒரு பூனை ஏறிப் படுத்துத் தூங்குது."

"சும்மா சொல்லாத."

போட்டோ அனுப்பினான். சக்கரத்துக்கும் அதன் மேல் வளைவுக்கும் நடுவே ஒரு பழுப்புப் பூனை உண்மையாகவே தூங்கிக்கொண்டிருந்தது.

நான் முறைப்படி அவனுக்கு வழிகளை எழுதி அனுப்பினேன். இருக்கும் ஸ்பிரிங்கையே அறுத்துவிடுவது முதல் வழி. செலவே இல்லை, ஆனால் கார் தவளைபோலத் துள்ளும். திருகி ஏற்றி இறக்கும் முழு செட் கடைசி வழி. அருமையானது, ஆனால் கல்யாணத்தை அடுத்த வருடத்துக்குத் தள்ளவேண்டும். தினமும் ஓட்டும் காருக்கு ஏற்றது நடுவழி: பழைய ஷாக் அப்சார்பரை அப்படியே வைத்துக்கொண்டு, மூன்று சென்டிமீட்டர் மட்டும் தாழ்த்துகிற நல்ல கம்பெனி ஸ்பிரிங் நான்கு. அதையும் பழசாக வாங்கினால் போதும். இதே மாடல் இங்கேயும் ஓடுகிறது; ஆசை தீர்ந்தவர்கள் கழற்றி விற்கிறார்கள்.

அப்பாவுக்கு இது பிடிக்கவில்லை. "ஊருல அவனவன் ஸ்பிரிங்குல ரப்பர் வெச்சி வண்டிய ஏத்துறான். இவன் எறக்குறானாம். அவ கூடவே ஒத்து ஊதுறா," என்றார். அப்பா செம்மங்குப்பத்தில் ஒரு கெமிக்கல் கம்பெனியில் வேலைபார்த்து ஓய்வு பெற்றவர். தரைக்கு நெருக்கமாகப் போகும் எதிலும் அவருக்கு நம்பிக்கை கிடையாது.

ஸ்பிரிங் விற்றவர் பக்கத்து ஊர்க்காரர், சுத்தமான மேலங்கி போட்ட பெரியவர். இங்கே காரில் எதை மாற்றினாலும் பரிசோதகர் பார்த்து, வண்டிப் பத்திரத்தில் ஏற்றிக் கையெழுத்துப் போடவேண்டும். அதனால் அவர் கவலையோடு விசாரித்தார்.

"உங்கள் ஊரில் சாலை எப்படி?"

"வேகத்தடைகள் உண்டு. எங்கள் தெருவிலேயே ஒன்று. என் அப்பா போட்டது."

"ஓ, அப்பா நகராட்சியில் பொறியாளரா?"

"இல்லை, கெமிக்கல் கம்பெனியில் இருந்தார்."

"கம்பெனி அதற்கு அனுமதி வாங்கியதா?" என்று கேட்டார். வீடு கட்டி மீந்த சிமெண்டில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, பக்கத்து வீட்டுக்காரர் தண்ணீர் ஊற்ற, அப்பா அதைப் போட்டார் என்பதை ஜெர்மன் மொழியில் சொல்ல எனக்கு இலக்கணம் போதும். துணிச்சல் போதவில்லை. "வாங்கியிருப்பார்கள்," என்றேன்.

இத்தனைக்கும் அப்பா போட்டதற்குக் காரணம் இருக்கிறது. சிப்காட் தொழிற்பேட்டையில் ஷிப்ட் விடும்போது எங்கள் தெரு வழியாக பைக்குகள் பறக்கும். மனு கொடுத்துப் பார்த்தார். பிறகு கொத்தனார் கரண்டியை எடுத்தார். மேடு தேயும்போதெல்லாம் ஒரு பூச்சு. கேட்டால், "செஞ்சா ஒழுங்கா செய்யணும்." ஒழுங்கு என்றால், செங்கல்லை நிறுத்திவைத்ததுபோல ஒரு விளிம்பு.

ஊருக்குக் கிளம்பிய அன்று விமான நிலையத்தில் பெட்டி கனத்தது. கவுண்டரில் இருந்த பெண் திறக்கச் சொன்னாள். ஸ்பிரிங்கைப் பார்த்து எதற்கு என்று கேட்டாள்.

"தம்பி கல்யாணத்துக்கு."

"உங்கள் நாட்டில் கல்யாணத்துக்கு இதைக் கொடுப்பது வழக்கமா?"

"இந்த முறை மட்டும்," என்றேன். வாழ்த்தினாள். எடையைக் குறைக்காமல் விடவில்லை.

எதை எடுப்பது? அம்மா கேட்ட பாதாமும் சாக்லேட்டும் எடை இல்லை. கனத்தது இரண்டு: ஸ்பிரிங்குகள், செல்வராசு மாமா கேட்ட டிரில்லிங் மெஷின். செல்வராசு மாமா அம்மாவின் தம்பி, எங்கள் தாய்மாமா. நல்ல மனிதர், பெரிய உடம்பு. கல்யாண வீட்டில் மட்டும் கண்ணாடி டம்ளர் மாதிரி; பார்த்து எடுக்கவேண்டும். ஒரு காதுகுத்தில் தனக்குச் சந்தனம் இரண்டாவதாக வந்தது என்று சாப்பிடாமல் பஸ் ஏறியவர். மெஷின் வரவில்லையென்றால் கல்யாணத்தில் மாமாவும் இருக்கமாட்டார். ஆகவே பின் ஸ்பிரிங்குகள் இரண்டையும் வழியனுப்ப வந்த தோழியிடம் கொடுத்துவிட்டு, முன் ஸ்பிரிங்குகளோடு ஏறினேன். நாலும் சேரும்வரை மாட்டாதே என்று கார்த்தியிடம் தெளிவாகச் சொன்னேன். கல்யாணத்துக்கு முதல் நாள், சிதம்பரம் போன இடத்தில் மாட்டிவிட்டான்.

முன்பக்கம் தாழ்ந்து, பின்பக்கம் பழைய உயரத்திலேயே இருந்தது. கார் யாரையோ கும்பிட்டுக்கொண்டே நின்றது.

"மாஸா இருக்குதுல்லக்கா?" என்றான்.

சிதம்பரத்தில் காலையில் தாலி கட்டி முடிந்ததும் பெண்ணையும் மாப்பிள்ளையையும் ஏற்றிக்கொண்டு குடிகாட்டுக்கு நான்தான் ஓட்டிவந்தேன். பின்னால் கார்த்தியும் நிவேதாவும். என் பக்கத்தில் மாமா. பல மாதம் இடப்பக்கம் உட்கார்ந்து ஓட்டிய பழக்கத்தில், கியர் போட வலக்கையை நீட்டி இரண்டு தடவை கதவில் இடித்துக்கொண்டேன். ஒவ்வொரு வேகத்தடையிலும் காரைக் குறுக்காகத் திருப்பி, ஒரு சக்கரம் ஒரு சக்கரமாக ஏற்றினேன். மாமா ஜன்னலுக்கு வெளியே தலையை விட்டு, "ரைட்டு ஒடி, ரைட்டு ஒடி, ஆங், விடு" என்று வந்தார். கீழவீதி முனையில் டீக்கடை வாசலில் நின்றவர் ஒருவர் சொன்னார்: "மொள்ளமா போங்க. தேரே நெலைக்கு வந்துரும், நீங்க வரமாட்டீங்க."

புதுச்சத்திரம், ஆலப்பாக்கம் எல்லாம் தாண்டிவிட்டோம். எங்கள் தெருவில் சிக்கிக்கொண்டோம். இரண்டு பக்கமும் வாழைமரம், பந்தல்கால். குறுக்காகத் திருப்ப இடமில்லை. முன்பம்பரின் அடி விளிம்பு அப்பாவின் சிமெண்டில் தட்டியது. எங்கள் வீடு இன்னும் பத்து வீடு தள்ளி. அங்கே அம்மா ஆரத்தித் தட்டோடு நிற்கிறாள். ராகு காலம் வர அதிக நேரம் இல்லை. பெண் ஏறிய வண்டியிலிருந்து நடுவழியில் இறங்கக் கூடாது, முதல் கால் நம் வாசலில்தான் படவேண்டும் என்பது அம்மாவின் சட்டம். நிவேதாவைத் தவிர நாங்கள் மூவரும் இறங்கிப் பார்த்தோம். கார் கொஞ்சம் எழுந்தது. போதவில்லை.

கார்த்திக்கு முகம் கறுத்துவிட்டது. "கடப்பாறைய எடுங்கடா, ஒடச்சிரலாம்," என்றான்.

அப்பா போய் மேட்டின்மேல் நின்றுகொண்டார். "ஒடப்பியா? ஸ்பிரிங்க எறக்கச் சொல்லி நானா சொன்னேன்? எம்மேல ஏத்திக்கிட்டு போ."

"மேடா இது? சாத்தனூர் டேமு."

"கல்யாணம் ஆயி அரை நாளு ஆவல, அப்பன எதுத்துப் பேசுறான் பாரு."

பட்டுச்சட்டையோடு இரண்டு பேரும் மூக்குக்கு மூக்கு நின்றார்கள். மேளக்காரர்கள் வாசிப்பதை நிறுத்திவிட்டார்கள். சிதம்பரத்திலிருந்து பின்னால் வேனில் வந்த பெண் வீட்டார் இறங்கி, எதுவும் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கல்யாணத்தில் அதைவிடப் பயங்கரமானது இல்லை. நான் குனிந்து கண்ணாடி வழியே நிவேதாவைப் பார்த்தேன்.

"நான் எறங்கிடட்டா அண்ணி?" என்றாள்.

"வேணாம். எங்கம்மா இத ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவாங்க."

"அப்ப ஏசிய போட்டு உடுங்க," என்று சாய்ந்துகொண்டாள்.

எனக்கு விடை தெரிந்திருந்தது. பின்பக்கத்தைத் தாழ்த்தினால் மூக்கு எழும். ஒரு விரற்கடை போதும். பின் சக்கரங்களுக்கும் பின்னால், டிக்கியின் விளிம்பில், நல்ல கனம் வேண்டும். கூட்டத்தில் நல்ல கனம் ஒருவரிடம்தான் இருந்தது. ஜெர்மனியில் என்றால் கேட்டிருப்பேன், அவரும் உட்கார்ந்திருப்பார், யாரும் அதை மறுநாள் நினைத்திருக்கமாட்டார்கள். நான் அந்தக் குரலிலேயே கேட்டுவிட்டேன்.

"மாமா, நீங்க டிக்கியில ஒக்காரணும்."

அப்பாவும் கார்த்தியும் சண்டையை மறந்து என்னைப் பார்த்தார்கள். ஆரத்தித் தட்டோடு அம்மா ஓடிவந்தாள். "தம்பி, அவ சொல்றத மனசுல வெச்சிக்காத. அங்க போயி மரியாத மறந்துட்டா."

மாமா வேட்டியை இறுக்கிக் கட்டினார். "தாய்மாமன டிக்கியில. சாமான் மாதிரி."

"ஆமாம் மாமா. காரணம் இருக்குது."

"நான் கேட்ட மிஷின எடுத்தாந்தியா?"

"எடுத்தாந்தேன். அதுக்காகத்தான் பின்னால மாட்டுற ரெண்டு ஸ்பிரிங்க அங்கயே உட்டுட்டு வந்தேன். அது இருந்தா பின்பக்கம் எறங்கியிருக்கும், மூக்கு இந்த அளவு குனிஞ்சிருக்காது."

மாமா காரைப் பார்த்தார், மேட்டைப் பார்த்தார். "அப்ப அந்த ரெண்டு ஸ்பிரிங்கு எடத்துக்குத்தான் நானு."

"கணக்குப்படி சரியா இருக்கும் மாமா."

"இத மொதல்லயே சொல்றதுக்கு என்னா? மால எங்க? மால இல்லாம ஒக்கார மாட்டேன்."

கார்த்தி தன் கழுத்து மாலையைக் கழற்றப் போனான். நல்லவேளையாக அப்பா தடுத்து, பந்தலில் மிச்சமிருந்த ஒன்றைக் கொண்டுவந்து, தன் கையாலேயே மச்சானுக்குப் போட்டார். மாமா டிக்கியில் ஏறி, எங்களுக்கு முதுகைக் காட்டி, கால்களை வெளியே தொங்கவிட்டு உட்கார்ந்தார். பின்பக்கம் அமுங்கியது. மூக்கு எழுந்தது. ஒரு விரற்கடை, கூடவே ஒரு நூல். நான் கிளட்சை விட்டேன். கார் ஏறியது, இறங்கியது. யாரும் சொல்லாமலே நாதஸ்வரக்காரர் சாமி புறப்பாட்டுக்கு வாசிப்பதை எடுத்துவிட்டார். கண்ணாடியில் நிவேதா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்குவது தெரிந்தது. மாமா பின்னால் வந்த பெண் வீட்டாரைப் பார்த்துக் கும்பிட்டபடியே வாசல்வரை வந்தார். மேடு தாண்டியதும் இறங்கிக்கொள்ளலாம் என்று சொன்னேன், காதில் வாங்கவில்லை.

திரும்பி வந்தபின் ஸ்பிரிங் விற்ற பெரியவரைக் கடையில் பார்த்தேன். பரிசோதகர் ஒப்புதல் கொடுத்தாரா என்று கேட்டார். "கொடுத்தார். மாலை போட்டபிறகு," என்றேன். அது எங்கள் ஊர் நடைமுறைக் கட்டணம் என்று நினைத்துத் தலையசைத்தார். நான் திருத்தவில்லை, முழுக்கத் தப்பும் இல்லை.

இப்போதைய நிலவரம் இது. அப்பாவின் மேடு அப்படியே இருக்கிறது. கார்த்தி வேலையிலிருந்து வரும்போது மேட்டுக்கு அந்தப் பக்கமே காரை நிறுத்திவிட்டு நடந்து வருகிறான். முன் ஸ்பிரிங் இரண்டும் குடிகாட்டில் ஒரு காரைத் தாங்குகின்றன. அதே செட்டின் மற்ற இரண்டும் இங்கே என் செருப்பு அலமாரிக்குப் பக்கத்தில், எதையும் தாங்காமல், முழு உயரத்தில் நிற்கின்றன. அடுத்த முறை கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறேன். மாமா இப்போது வெல்டிங் மெஷின் கேட்டிருக்கிறார்.