ஏசிக்கு நேர் கீழே

எங்கள் கேம்ப்புக்கு ஏசி வந்த முதல் கோடையில்தான் அந்தப் பூனைக்குட்டியும் வந்தது. இரண்டும் சேர்ந்து வந்ததுதான் வம்பாகப் போயிற்று.

எழுபதுகளின் பின்பாதி அது. வளைகுடாவில் எங்கள் கேம்ப் இருந்த அல் கூஸில் அப்போது பாதிக்கு மேல் வெறும் மணல். அங்கங்கே சில கோடவுன்கள், சில ஒர்க்‌ஷாப்கள், எங்களைப் போன்றவர்களை அடைத்து வைக்கத் தகரக் கூரை போட்ட அறைகள். நான் ஒரு கட்டுமானக் கம்பெனியின் ஸ்டோரில் சாமான் எடுத்துக் கொடுக்கும் வேலை பார்த்தேன். அறையில் நாங்கள் ஆறு பேர். அதுவரை எங்களுக்கென்று இருந்தது ஒரே ஒரு மின்விசிறி. அது அனல்காற்றை ஆறு பேருக்கும் பாரபட்சமில்லாமல் பங்கிட்டுக் கொடுக்கும். பெட்ஷீட்டைத் தண்ணீரில் நனைத்துப் போர்த்திக்கொண்டு படுப்போம். கண் அசருவதற்குள் காய்ந்துவிடும். ஆபீஸுக்குப் புது ஏசி வாங்கியபோது, அங்கே கழற்றிய பழசைக் கொண்டுவந்து எங்கள் ஜன்னலில் பொருத்தினார்கள். லாரி மாதிரி இரைந்தது. ஆனாலும் முதல் நாள் ஆளாளுக்கு அதன் முன்னால் போய்ச் சட்டையைத் தூக்கிக்கொண்டு நின்றோம். தீபாராதனைக்குக்கூட நான் அவ்வளவு பக்தியாக நின்றதில்லை.

ஏசிக்கு நேர் கீழே இருந்த கட்டில் மேஸ்திரியுடையது. கொத்தனார்களுக்கெல்லாம் அவர்தான் தலைவர். திருநெல்வேலிப் பக்கம். ஐம்பதை நெருங்கியவர், அறையிலேயே மூத்தவர். அந்த இடத்தை அவருக்கு விட்டதில் யாருக்கும் மனத்தாங்கல் இல்லை. வயது மட்டும் அதற்குக் காரணமில்லை. முந்தைய கோடையில் அவருடைய தங்கை புருஷன் சைட்டில் வெயிலுக்கு விழுந்து செத்துப்போனான். எங்களோடு அதே அறையில் இருந்தவன். அவனுக்கு விசா ஏற்பாடு செய்து ஊரிலிருந்து வரவழைத்தவரே மேஸ்திரிதான். விழுந்தவனைத் தோளில் போட்டுக்கொண்டு நிழல் தேடி அவர் ஓடியதைச் சைட்டே பார்த்தது. கம்பி கட்டி நின்ற கட்டடத்தில் நிழல் ஏது? கம்பெனி வண்டி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அதற்குப் பிறகும் அவர் வேலைக்குப் போனார், சாப்பிட்டார், எங்களை வாய்க்கு வந்தபடி திட்டினார். அவனைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை பேசவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

ஒரு நாள் காலையில் எங்கள் ஸ்டோர் வாசலில் பூனை ஒன்று டிப்பர் லாரியில் அடிபட்டுச் செத்துக் கிடந்தது. மடியெல்லாம் பால் கட்டியிருந்தது. அப்படியென்றால் குட்டிகள் பக்கத்தில்தான் எங்கோ இருக்க வேண்டும். வேலை ஓடவில்லை. தேடிப் பார்த்ததில் அடுக்கி வைத்திருந்த பெரிய பைப்புகளில் ஒன்றுக்குள் மூன்று கிடந்தன. இரண்டு செத்துப்போயிருந்தன. மூன்றாவது வாயைத் திறந்து திறந்து மூடியது. சத்தம் வரவில்லை. கண் திறக்காத குட்டி. தொப்புள்கொடி காய்ந்த நூலாக வயிற்றில் ஒட்டிக்கொண்டிருந்தது. எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டேன். யோசித்திருந்தால் எடுத்திருக்க மாட்டேன். பெண்டாட்டி பிள்ளையை ஊரில் விட்டுவிட்டு வந்தவனுக்குப் பூனைக்குட்டி ஒரு கேடா என்று யாரும் கேட்பார்கள்.

அறையில் கேட்கவும் செய்தார்கள். முதலில் கேட்டவர் வாட்ச்மேன். வேலூர்க்காரர். இரவெல்லாம் கோடவுனுக்குக் காவல் இருந்துவிட்டுப் பகலில் வந்து தூங்குபவர்.

"இன்னாப்பா இது? நைட் டூட்டி பாத்துட்டு வர்ற மனுசன் தூங்க வேணாவா? இது கத்துற கத்துல செத்தவன் எய்ந்து ஒக்காந்துக்குவான்."

அவர் சொன்னதில் தப்பில்லை. கொஞ்சம் பால் உள்ளே போனதும் குட்டிக்குத் தொண்டை திறந்துகொண்டது. பால் பவுடரை வெந்நீரில் தண்ணியாகக் கரைத்து, பேனாவுக்கு மை ஊற்றும் ஃபில்லரால் சொட்டுச் சொட்டாக விட்டேன். அவசரப்பட்டால் மூக்கு வழியாக வந்தது. பால் கொடுத்தால் மட்டும் போதாது என்பதும் தெரிந்தது. தாய்ப்பூனை நக்கி விட்டால்தான் குட்டி மூத்திரம் போகும். ஈரப்பஞ்சால் அடிவயிற்றை நீவிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பெற்ற பிள்ளைக்கு நான் கால் கழுவி விட்டதில்லை, பிறந்தபோது நான் இங்கே இருந்தேன். அதை நினைத்ததும் கண் கரித்துக்கொண்டு வந்தது. மற்றவர்கள் பார்க்கிறார்களே என்று பஞ்சைப் பிழிகிறவன் மாதிரி திரும்பிக்கொண்டேன்.

பகலில் அட்டைப்பெட்டியில் வைத்து ஸ்டோருக்கே கொண்டுபோனேன். அங்கே ஏசி கிடையாது, தகரக் கொட்டகைதான். வெக்கை அப்பியது. குட்டி அங்கே நன்றாகக் குடித்தது, நன்றாகக் கத்தியது. தேறிவிடும் என்று எனக்கு ஒரு தைரியம் வந்தது. அந்தத் தைரியம் வந்த நேரம் பார்த்து மேனேஜர் பெட்டியைக் கண்டுவிட்டார். "மாஃபி பூனை! கலாஸ்!" என்று பாதி அரபியில் சொல்லி, இங்கே பூனை கூடாது, முடிந்தது என்பது போலக் கையை ஒரு வீசு வீசினார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு அறைக்குத் திரும்பினேன்.

அந்த வாரம் மேஸ்திரி காலில் ஆணி ஏறி, ஊசி போட்டுக்கொண்டு அறையில் கிடந்தார். வேறு வழியில்லாமல் அவரிடம்தான் போனேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார். குட்டி வாயைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

"ஏல, இத அந்தத் தகரக் கொட்டகையிலயா வச்சிருந்த? வெக்கையில வாடிப்போயி கெடக்குலா. கொண்டா இங்கன."

பெட்டியை வாங்கித் தன் தலையணை இருந்த இடத்தில், ஏசிக்கு நேர் கீழே வைத்தார். தலையணையைக் கால்மாட்டுக்கு மாற்றிக்கொண்டார். நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். ஒரு பீடியைக்கூட யாருக்கும் நீட்டாத மனுஷர் அவர். குட்டியும் கொஞ்ச நேரத்தில் கத்துவதை நிறுத்திவிட்டது.

"பாத்தியா, சொகமா தூங்குது" என்றார்.

நானும் அப்படித்தான் நம்பினேன். வெயிலில் வெந்து வருகிறவர்களுக்குக் குளிர்ந்த காற்றைவிடப் பெரிய தர்மம் எதுவும் கிடையாது. அதை ஒரு பச்சைக்குட்டிக்கும் கொடுத்துவிட்டோம் என்று அறையே பூரித்துப்போய் இருந்தது. வாட்ச்மேனுக்கு அதைவிடச் சந்தோஷம், குட்டி கத்தவில்லை.

ஆனால் குட்டி குடிக்கவும் இல்லை. டூட்டி முடிந்து வந்து ஃபில்லரை வாயில் வைத்தால் பால் வழிந்து வெளியே வரும். கை கால் துவண்டிருக்கும். பால் கரைக்கச் சமையல்கட்டுக்குப் போகும்போது அதையும் கையிலேயே கொண்டுபோவேன். பின்வாசல் படியில் உட்கார்ந்து கொஞ்ச நேரமானால் அசையும், முனகும், பிறகு மடக் மடக்கென்று குடிக்கும். பால் உள்ளே போன தெம்பு என்று எண்ணிக்கொள்வேன். மறுபடி கொண்டுபோய் ஏசிக்குக் கீழே வைப்பேன். மறுநாள் அதைவிடத் துவண்டு கிடக்கும்.

ஒரு நாள் அப்படிப் படியில் உட்கார்ந்திருந்தபோது அதன் வயிறு என் கையில் பட்டது. தண்ணீர்ப் பானையைத் தொட்டது போலச் சில்லென்று இருந்தது. உயிருள்ள வயிறு அப்படி இருக்குமா? விடியற்காலையில் அடுப்புச் சாம்பலைக் கிளறப் போனால் உள்ளே பூனை சுருண்டு கிடக்கும். தமிழ்நாட்டில் அதைப் பார்க்காதவர் உண்டா? சூட்டைத் தேடிப் போகிற பிராணியைக் கொண்டுபோய் ஏசி வாயில் வைத்திருக்கிறோம்.

நேராக அறைக்குப் போனேன்.

"அண்ணே, இதுக்குக் குளிருதுண்ணே. ஏசி காத்து ஆகல இதுக்கு."

மேஸ்திரி நான் ஏதோ கெட்ட வார்த்தை சொல்லிவிட்டது போலப் பார்த்தார்.

"குளிருதா? ஏல, இந்த ஊர்ல குளுந்து செத்தவன் எவனாவது உண்டாலே? எனக்குச் சொல்லித் தராத. வெக்கதான் ஆளத் தின்னும். நான் பாத்திருக்கேன்."

நான் பாத்திருக்கேன் என்று அவர் சொன்னது யாரை நினைத்து என்று அறைக்கே தெரியும். ஆனாலும் நான் விடவில்லை. வெளியே வந்து பாருங்கள் என்று கெஞ்சி அவரைப் படிக்கு அழைத்துவந்தேன். நொண்டிக்கொண்டே வந்தார். வெளிச்சூட்டில் குட்டி கொஞ்சம் கொஞ்சமாக உயிர் பெற்று என் கட்டைவிரலைச் சப்பத் தொடங்கியது.

"பாத்தீங்களாண்ணே? வெளிய வந்ததும் எப்புடி துள்ளுது."

"ஆமாலே. பகல் பூரா குளுந்த எடத்துல கெடந்த தெம்பு அது. சட்டுனு உள்ள கொண்டா, வாடிரப் போவுது."

தான் பிடித்த முயலுக்கு மூன்று கால்தான் என்று நிற்கிறவரிடம் எந்தச் சாட்சியைக் காட்டி என்ன பயன்? எனக்குக் கோபம் வந்தது. சூடு கண்ட பூனை அடுப்பங்கரை நாடாது என்பார்கள். எங்கள் அறையில் சூடு கண்டது பூனையல்ல, மேஸ்திரி. அது தெரிந்ததால்தான் மேலே சண்டை போட முடியவில்லை. அன்று இரவு குட்டியை என் சட்டைக்குள் விட்டுப் போர்வையால் மூடிக்கொண்டேன். மூச்சு முட்டிச் சாகும் என்று அவர் தன் கட்டிலிலிருந்து புலம்பிக்கொண்டே இருந்தார். விடிந்தபோது குட்டி என் நெஞ்சு ரோமத்தைப் பிடித்துக்கொண்டு கத்தியது. அந்தக் கத்தலுக்கு நான் எவ்வளவு சந்தோஷப்பட்டேன் என்று இன்றைக்கும் சொல்ல முடியும்.

டூட்டிக்குப் போகும்முன் சமையல்காரரிடம் பேசினேன். அடுப்புக்கு எட்டத்தில், தோசைமாவு புளிக்க வைக்கும் மூலை ஒன்று உண்டு. நெருப்புச் சூடு இருக்காது, இதமாக இருக்கும். அங்கே துண்டைச் சுற்றிப் பெட்டியை வைத்தேன். பால் கரைத்து ஃபில்லரையும் பக்கத்தில் வைத்தேன். மேஸ்திரி தூங்கிக்கொண்டிருந்தார். எழுப்பிச் சொன்னால் மறுபடியும் ரகளை. சாயங்காலம் வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று போய்விட்டேன்.

சாயங்காலம் வந்தபோது வாட்ச்மேன் தூங்காமல் அறை வாசலில் நின்றிருந்தார். என்னை ஓரமாக இழுத்தார்.

"காலைல கிச்சன்ல நல்லா கத்திக்கினுதான்பா இருந்துச்சு. நானே ரெண்டு சொட்டு பால் ஊத்துனேன், குடிச்சுது. அப்புறம் இவரு வந்து பாத்துட்டாரு. ஐயோ வெக்க வெக்கன்னு தூக்கினு ஓடியாந்து, ஈரத்துணிய சுத்தி ஏசி முன்னால வச்சிக்கினாரு. நான் சொன்னேன்பா. கேக்கல."

உள்ளே மேஸ்திரி கட்டிலில் உட்கார்ந்திருந்தார். மடியில் ஈரத்துணி. ஏசி முழு வேகத்தில் இரைந்துகொண்டிருந்தது. துணியை விலக்கித் தொட்டுப் பார்த்தேன். விறைத்துப்போய் எவ்வளவோ நேரமாகியிருந்தது. காலில் போட்டிருந்த துணிக்கட்டு ரத்தத்தில் ஊறியிருந்ததை அவர் கவனிக்கவே இல்லை. அந்தக் காலோடுதான் ஓடியிருக்கிறார்.

நீங்கள்தான் கொன்றீர்கள் என்ற வார்த்தை என் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. சொல்லியிருப்பேன். அத்தனை ஆத்திரம். ராத்திரியெல்லாம் என் நெஞ்சில் கிடந்த உயிர் அது. அதற்குள் அவர் பேச ஆரம்பித்துவிட்டார்.

"அடுப்படியில கொண்டு போட்டிருக்கியலே, பாவி. கெடந்து கத்திட்டு இருக்கு. நான் தூக்கிட்டு ஓடியாந்தேன். அவனயும் இப்படித்தாம்லே தூக்கிட்டு ஓடுனேன். கொண்டு போயி கெடத்த ஒரு குளுந்த எடம் இல்ல. ஒரு எடம் இல்லலே. இதுக்கு இருந்துச்சு. இத நான் கொண்டாந்து சேத்துட்டேன். நீ மட்டும் அங்கன வைக்காம இருந்திருந்தா பொழச்சிருக்கும்லா? ஏம்லே வச்ச?"

அவர் தன் மச்சானைப் பற்றிப் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. வாட்ச்மேன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். வேண்டாம் என்று அவருக்குக் கையைக் காட்டினேன்.

"தப்புதாண்ணே" என்றேன். "வெக்க இவ்வளவு தாக்கும்னு தெரியாம வச்சிட்டேன்."

அதன் பிறகு அவர் என்னைத் திட்டினார். என்னை, என்னைப் பெற்றவளை, என் ஊரை, ஒன்று விடவில்லை. திட்டத் திட்ட அவர் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. பக்கத்து அறைக்காரர்கள் வந்து எட்டிப் பார்த்தார்கள். பூனைக்குட்டியை அடுப்படியில் வைத்துக் கொன்றவன் என்று நான் அந்தக் கேம்ப்பை விட்டுப் போகும்வரை எனக்குப் பெயர் இருந்தது. அதை நான் யாரிடமும் மறுத்ததில்லை. அன்றைக்கு அவர் ஓயும்வரை தலையைக் குனிந்துகொண்டு அந்தக் குளிரில் நின்றிருந்தேன். கடைசியாக மூக்கைச் சிந்திவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"இனிமே ஒரு உசிர வெக்கையில விடுவியாலே?"

"விட மாட்டேண்ணே" என்றேன்.