மகிழ மரத்தில் ஒரு துளை

பெசன்ட் நகரில் நோரா டீச்சரோடு சண்டை போடாதவர் ஒருவரைக் காட்டினால், அவர் நேற்றுதான் குடிவந்திருப்பார். காலமெல்லாம் பிள்ளைகளைக் கணக்குப் பாடத்தில் அதட்டிய வாய். பள்ளிக்கூடத்தை விட்ட பிறகும் அதற்கு ஓய்வில்லை.

இப்போதைய சண்டை வாசலில் நிற்கும் மகிழ மரத்துக்காக. வருஷம் முழுக்க இலை அடர்ந்து நிற்கும். விடிகாலையில் பொடிப் பொடியாகப் பூ உதிர்க்கும். பழுத்துவிட்டால் பகலில் குயில், ராத்திரியில் வௌவால். அவை தின்று போட்டதும் கழித்ததும் மாடிவீட்டு ராம்குமாரின் வெள்ளைக் கார்மேல் விழும். தி. நகரில் ஜவுளிக்கடை வைத்திருப்பவர், காரில் ஒரு கறை பொறுக்கமாட்டார்.

"வெட்டிருவோம் டீச்சர்" என்று ஒருநாள் சொல்லிவிட்டார்.

"முதல்ல உங்க கார வெட்டுங்க" என்றாள் நோரா. அதோடு பேச்சு அறுந்தது.

கூடவே நோராவின் கணவர் காஸ்பரின் கேரம் ஆட்டமும் போயிற்று. முட்டிவலியால் தெருவுக்குக்கூடப் போகாத மனிதர். சாயங்காலமானால் ராம்குமார்தான் இறங்கி வந்து அவரோடு ஆடுவார். இப்போது பலகை கட்டிலுக்கடியில் கிடக்கிறது. நோராவுக்கு அது ஒரு விஷயமாகவே படவில்லை.

ஈஸ்டர் முடிந்த வாரம், பூப் பொறுக்கக் குனிந்தவளுக்குப் பூவாசனையை மீறி ஒரு நெடி அடித்தது. அடிமரத்தில் விரல் நுழையும் அளவுக்குத் துளை, அதன்மேல் களிமண் பூச்சு. தோண்டினால் உள்ளே கட்டிப் பெருங்காயம். துளை போட்டு அதை வைத்தால் எந்த மரமும் பட்டுப்போகும் என்பது ஊரறிந்த நம்பிக்கை. நோரா ஆத்திரத்தோடு அந்தக் கட்டியை உள்ளங்கையில் எடுத்துக்கொண்டாள். ஆள் மாட்டிக்கொண்டான் என்று உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோஷமும்தான்.

மாடிக் கதவைத் தட்டினாள். ராம்குமாரின் மனைவி சீதா திறந்தாள்.

"பெருங்காயத்த வச்சு மரத்தைக் கொல்லப் பாக்கறீங்களா? கட்டிப் பெருங்காயம் எங்க வீட்ல வாங்குற வழக்கமே இல்ல. இது வேற யார் வீட்டுது?"

சீதா அவள் உள்ளங்கையைப் பார்த்தாள். முகத்தில் ஏறிய கோபம் பாதியில் நின்றுவிட்டது.

"எங்க வீட்டுதுதான் டீச்சர். அங்கிள் வந்து கேட்டாங்க, வயித்துல வாயுன்னு. அந்த முட்டிய வச்சிக்கிட்டு படியேறி வந்திருக்காங்களேன்னு இருந்ததக் குடுத்தேன்."

நோரா கீழே வந்தாள். கேரம் பலகை மேஜைமேல் இருந்தது. துடைத்துப் பவுடரும் போட்டிருந்தது.

"மரம் போயிட்டா அவன் வருவான்ல" என்றார் காஸ்பர், அவளைப் பார்க்காமல். "உனக்குச் சண்ட போட ஊரே இருக்கு. எனக்குப் பேச அவன் ஒருத்தன்தான் இருந்தான்."

நோரா ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு போய்த் துளையைச் சுரண்டிக் கழுவினாள்.

மரம் சாகவில்லை. ஒரே ஒரு கிளைதான் காய்ந்தது. ராம்குமாரும் வரவில்லை. நோரா அன்றிலிருந்து காஸ்பரிடம் பேசுவதில்லை. சாப்பாட்டுத் தட்டை வைப்பாள், எடுப்பாள். சாயங்காலம் அவர் ஜன்னலோரம் உட்கார்ந்து, கறுப்புக்கும் வெள்ளைக்கும் தானே மாறி மாறி ஆடுகிறார்.